காத்திருந்தது எது

1

என் மகள் யாழினி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இங்கே ஜெர்மனியில் அவள் பள்ளியில் உலக மதங்களைப் பற்றி ஒரு பாடம் உண்டு. போன செவ்வாய்க்கிழமை அந்தப் பாடத்தின் பயிற்சித்தாள் ஒன்றைக் கொண்டுவந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தாளின் இடப்பக்கம் ஐந்து சம்ஸ்கிருதச் சொற்கள்: ஆத்மா, ஜீவன், பிராணன், புருஷன், க்ஷேத்ரக்ஞன். எல்லாம் ரோமன் எழுத்தில், மேலே கோடும் கீழே புள்ளியுமாக இருந்தன. வலப்பக்கம் ஐந்து கட்டங்கள். ஐந்திலும் அவள் 'ஸேலெ' என்று எழுதியிருந்தாள். ஆன்மா என்பதற்கு ஜெர்மன் மொழியில் இருப்பது அந்த ஒரு சொல்தான். ஆசிரியை பென்சிலால் வட்டம் போட்டு, 'வேறுபாடு என்ன?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"அப்பா, அஞ்சும் ஒண்ணுதான்னா எதுக்கு அஞ்சு வார்த்தை?" என்றாள்.

"கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் கண்ணு."

"அப்ப, அப்பாரு செத்தப்ப இதுல எது போச்சு?"

எங்கள் பக்கம் அப்பாவின் அப்பாவை அப்பாரு என்போம். அவளுக்குத் தமிழில் மிச்சமிருக்கும் சொற்களில் அதுவும் ஒன்று. வீட்டுக்குள் நாங்கள் தமிழில் கேட்பதற்கு அவள் ஜெர்மனில் பதில் சொல்லத் தொடங்கி இரண்டு வருடங்கள் ஆகின்றன. அன்றைக்கு என்னவோ தமிழிலேயே கேட்டாள். கேட்ட கேள்வியும் அப்படிப்பட்டதாகப் போய்விட்டது. சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

அன்று காலையில்தான் கோயம்புத்தூர்ப் பக்கம் அன்னூரிலிருந்து அண்ணன் பேசியிருந்தார். இன்னும் மூன்று வாரத்தில் அப்பாவின் முதல் தெவசம் வருகிறது. "வாரியா கண்ணு?" என்று கேட்டார். "பாக்கறேனுங்ணா" என்றேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பதில் இல்லை என்று தெரியும். ஆனாலும் அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா இறப்பதற்கு முன்னால் பதினோரு நாள் மூச்சுக் கருவியில் கிடந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "சின்னவன் வரட்டும்னு உசுரப் புடிச்சுட்டுக் கெடக்கறாருங்க." சின்னவன் நான். நான் போகவில்லை. அவர் என்னால்தான் அப்படிக் கிடந்தாரா என்ற கேள்வியோடு ஒரு வருடம் ஓட்டிவிட்டேன். வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். எதிலும் மனது ஒட்டவில்லை. அந்தக் கேள்விதான் இப்போது பள்ளிக்கூடத் தாளாகித் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

2

அப்பாவுக்கு அன்னூருக்குக் கிழக்கே ஏழு ஏக்கர் பூமி. வாழை, சோளம், கிணற்றில் தண்ணீர் இருந்த காலத்தில் கொஞ்சம் மஞ்சள். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டார். நான் துடியலூரில் ஒரு மோட்டார் பம்பு பட்டறையில் கடைசல் இயந்திரத்தில் தொடங்கி, கம்ப்யூட்டர் வைத்த இயந்திரத்துக்கு மாறி, அந்தப் பிழைப்பைப் பிடித்துக்கொண்டே இங்கே வந்து சேர்ந்தேன். ஒன்பது வருடங்கள் ஆகின்றன. இங்கேயும் பம்புக்கு உள்ளே சுற்றுகிற சக்கரத்தைத்தான் கடைகிறேன். இதற்கு ஏன் இவ்வளவு தூரம் வந்தாய் என்று அப்பா ஒருமுறை கேட்டிருக்கிறார். கேலியாகத்தான் கேட்டார்.

போன வருடம் ஒரு நாள் காலை, வேலைக்கு நடுவில் ஃபோன் வந்தது. அப்பா வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, தொண்டையில் குழாய் விட்டிருக்கிறார்கள். "வந்துரு கண்ணு" என்றார் அண்ணன்.

"வாரேனுங்ணா" என்றேன்.

கொங்குநாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல்லைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று நாங்கள் சொல்வதில்லை, வாரேன் என்போம். கல்யாணத்துக்கு அழைத்தால் வாரேன் என்போம், போக முடியாது என்று தெரிந்தாலும். வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்வது எங்களுக்கு ஒருவரை அடிப்பது மாதிரி. மரியாதை என்று எங்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் மெச்சுவதில் பாதி, இப்படி முடியாது என்று சொல்ல முடியாமல் இருப்பதுதான்.

என்னால் போக முடியாத நிலைமை அப்போது இருந்தது. இரண்டு மாதம் முன்னால் வேலை மாறியிருந்தேன். பழைய தங்கும் அனுமதி பழைய கம்பெனியோடு கட்டப்பட்டது. புதியதற்கு எழுதிப் போட்டுவிட்டு, நடுவில் தற்காலிகமாகக் கொடுத்த ஒரு மடித்த காகிதத்தை வைத்திருந்தேன். அந்தக் காகிதம் நாட்டுக்குள் செல்லுபடியாகும். வெளியே போய்விட்டுத் திரும்பி வர அது போதாது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த அம்மாள் மிகவும் தன்மையாகப் பேசினார். அப்பாவுக்காக வருத்தப்பட்டார். அவசரக் காரணம் என்று எழுதி, மருத்துவர் சீட்டை மொழிபெயர்த்து இணைத்து அனுப்பினால், பரிசீலித்துக் கடிதம் வரும் என்றார். எத்தனை நாளில் என்று கேட்டேன். தபாலில் வரும் என்றார். இங்கே எல்லாமே தபாலில் வரும்.

மருத்துவர் சீட்டை மொழிபெயர்க்க ஆள் தேடி அலைந்ததில் ஒரு நாள் போனது. என் மேற்பார்வையாளரிடம் விடுப்புப் பற்றி அரைகுறை ஜெர்மனில் சொல்லப் போய், அப்பாவின் உயிர் தொண்டையில் நிற்கிறது என்று நம் பேச்சை அப்படியே போட்டுவிட்டேன். அவர் பதறி, தொண்டையில் சிக்கியதை டாக்டர் எடுத்துவிட்டாரா என்று கேட்டார். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு இயந்திரத்துக்குத் திரும்பினேன். சிரிப்புக்கூட வரவில்லை.

3

இரண்டாம் நாளிலிருந்து அண்ணன் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார். உறவினர்களை உள்ளே விடும் நேரத்தில் எனக்கு ஃபோன் போட்டு, அப்பாவின் காதருகே வைப்பார். "அப்பா, தம்பி பேசறானுங்க" என்று அவர் சொல்வது கேட்கும். கருவியின் சத்தம் கேட்கும். நான் இங்கே தொழிற்சாலையின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு பேசுவேன்.

"அப்பா, நாந்தானுங்க. வாரேனுங்க. ரெண்டு நாள்ல வந்தர்றேனுங்க."

வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை. வாழையைப் பற்றிக் கேட்க முடியாது. யாழினி நன்றாகப் படிக்கிறாள் என்று ஒருநாள் சொன்னேன். மற்ற நாளெல்லாம் வாரேனுங்க என்பதுதான். அண்ணன் ஃபோனை எடுத்து, "கேட்டுச்சு கண்ணு, அப்பா கண்ணோரத்துல தண்ணி வருது" என்பார். எங்கள் ஊரில் இழுத்துக்கொண்டு கிடப்பவருக்கு, அவர் யாருக்காகக் காத்திருக்கிறாரோ அந்த ஆள் வந்து ஒரு வாய் பால் ஊற்ற வேண்டும். பிறகு அடங்கிவிடும் என்பார்கள். அண்ணி என்னிடம், "நீங்க வந்து ஊத்துனாப் போதும் தம்பி" என்று இரண்டு முறை சொன்னார்.

இனி எழுதப்போவதை நான் இந்த வாரம்வரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி கவிதாவிடம்கூட.

ஐந்தாம் நாள் அந்தக் கடிதம் வந்துவிட்டது. ஒரு முறை வெளியே போய்த் திரும்பி வரலாம் என்று முத்திரையோடு எழுதியிருந்தார்கள். வேலை முடிந்து வந்து தபால்பெட்டியைத் திறந்தவன், படிக்கட்டிலேயே நின்று படித்தேன். மேலே போய், துணி துவைக்கும் இயந்திரத்தின் உத்தரவாதச் சீட்டுகள் வைத்திருக்கும் கோப்பில் அதைச் செருகினேன். மறுநாள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, "இன்னும் பேப்பரு வரலீங்ணா, வந்ததும் வாரேன்" என்றேன்.

புது வேலையில் சோதனைக்காலம் முடியவில்லை, அதனால் பயந்தேன் என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் அது மட்டுமில்லை. குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோவதா, வைத்திருப்பதா என்று முடிவு செய்து ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்துப் போட வேண்டிவரும் என்று, யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது. நான் போய் இறங்கினால் அந்தப் பேனா என் கைக்குத்தான் வரும். படித்தவன், வெளிநாட்டில் இருப்பவன், நாலும் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி அங்கே ஒரு நினைப்பு. நான் விமானத்தில் ஏறாததற்குக் காரணம் அந்தப் பேனா.

பதினோராம் நாள் மத்தியானம் அப்பாவின் இதயம் தானாக நின்றுவிட்டது. யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. மற்றதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பையன் வீடியோவில் காட்டினான், நான் பார்த்தேன்.

4

யாழினியின் தாளுக்காக என்று சொல்லிக்கொண்டு, இந்த வாரம் ரயிலில் போகும்போதும் வரும்போதும் அந்த ஐந்து சொற்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். உண்மையில் எனக்காகத்தான் படித்தேன். ஐந்தில் காத்திருந்தது எது என்று கண்டுபிடித்துவிட்டால் போதும் என்றிருந்தது.

ஆத்மா பிறப்பதும் இல்லை, சாவதும் இல்லை. அதற்கு ஆசை கிடையாது, மகன் கிடையாது, அன்னூர் கிடையாது. காத்திருக்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஊரில் சாவு விளம்பரங்களில் 'ஆத்மா சாந்தியடைய' என்று போடுகிறோமே, அது தப்புத்தான் போலிருக்கிறது. ஆத்மா எப்போதும் சாந்தியாகத்தான் இருக்கிறதாம். சாந்தி இல்லாமல் அலைவது வேறொன்று.

அந்த வேறொன்றுதான் ஜீவன். உடம்புக்குள் அகப்பட்டுக்கொண்டு, என் பூமி, என் மகன் என்று ஒட்டிக்கொண்டு, செய்த வினையைச் சுமந்து அடுத்த உடம்புக்குப் போகிறது. அத்வைதிகளைக் கேட்டால் இந்த ஜீவனும் ஆத்மாதான், அறியாமையால் தன்னைச் சிறியதாக நினைத்துக்கொள்கிறது என்பார்கள். மற்றவர்கள் இல்லை, இரண்டும் வேறு, எப்போதும் வேறு என்பார்கள். பல நூறு வருடங்களாக இந்த வழக்கு தீரவில்லை. எனக்கு வழக்கு வேண்டியதில்லை. ஜீவன் காத்திருக்கும், அது மட்டும் எனக்குப் புரிந்தது. ஆறுதல் போய்விட்டது.

பிராணன் என்பது மூச்சாக ஓடும் சக்தி. ஆத்மா என்ற சொல்லுக்கும் ஆதியில் மூச்சு என்றுதான் பொருள் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் மூச்சுக்கு 'ஆட்டெம்' என்று பெயர், இரண்டும் ஒரே வேரில் வந்தவை. அப்பாவின் தொண்டையில் குழாய் விட்டு மூச்சை உள்ளே தள்ளிய கருவிக்கும் இங்கே அந்தச் சொல்லை வைத்துத்தான் பெயர். பதினோரு நாள் அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கியதே, அது பிராணனா, மின்சாரமா என்று எந்த நூலிலும் இல்லை.

சாங்கியர்கள் என்ற தத்துவக்காரர்கள் புருஷன் என்பார்கள். அவர்கள் கணக்கில் எல்லா வேலையையும் செய்வது பிரகிருதி என்ற இயற்கை. புருஷன் சும்மா இருந்து பார்த்துக்கொண்டிருப்பான், எதையும் செய்யமாட்டான். இதைக் கவிதாவிடம் சொன்னேன். அவள் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இதுக்கு எதுக்குத் தத்துவம்? நம்மூட்டு நடப்புத்தானுங்களே" என்றாள்.

அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான். அவளும் சிரித்தாள். பிறகு ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, "தெவசத்துக்கு அண்ணங்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். பார்க்கிறேன் என்று சொன்னதாகச் சொன்னேன். அவள் அந்தச் சட்டையையும் மடித்து அடுக்கினாள்.

ஐந்தாவது சொல்தான் என்னைப் படுத்தியது. க்ஷேத்ரக்ஞன். க்ஷேத்திரம் என்றால் வயல். உடம்பு வயல், அதை அறிந்தவன் உள்ளே இருப்பவன். அப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் யாரும் வைக்க முடியாது. எந்த மூலையில் உப்புத் தட்டும், எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்காது, எந்த வரப்பில் நண்டு வளை தோண்டும் என்று அத்தனையும் அவருக்கு அத்துப்படி. அவர் தம் உடம்பையும் அப்படித்தான் அறிந்திருந்தார் என்றால், பதினோரு நாளும் உள்ளே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாரா? என் குரலில் இருந்த பொய் அவருக்குத் தெரிந்ததா? ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் எனக்குக் காகிதக் கைக்குட்டை ஒன்றை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

5

ஊருக்குப் போகாவிட்டால் இங்கேயே தெவசம் செய்யலாமா என்று கேட்க, பக்கத்து நகரத்துக் கோயிலுக்குப் போனேன். ஒரு பழைய கிடங்கைக் கோயிலாக்கி வைத்திருக்கிறார்கள், யாழ்ப்பாணத்துக்காரர்கள். குருக்களுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். குளிருக்குத் தடித்த காலுறை போட்டிருந்தார். கதவை யாரோ திறந்துவைத்துவிட்டுப் போனதில் அவருக்குக் கோபம்.

"ஓம், செய்யலாம். அப்பான்ர பேரும், அவர் மோசம் போன திதியும் சொல்லுங்கோ" என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். "முதலாம் வருஷத்து ஆட்டைத் திவசமோ? அதுவரைக்கும் பிரேதம் எண்டுதான் சொல்லுறது. பிறகுதான் பித்ரு. எங்கட பக்கத்தில முப்பத்தோராம் நாளே அதைச் செய்துபோடுவம். உங்கட பக்கம் எப்பிடியோ தெரியேல்ல."

பிரேதம் என்றால் பிணம் இல்லையா என்று கேட்டேன்.

"சொல்லுக்கு அர்த்தம் புறப்பட்டுப் போனவர் எண்டுதான். வெளிக்கிட்டாச்சு, இன்னும் போய்ச் சேரேல்ல. அந்த நிலைதான் பிரேதம்."

நான் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டேன். சாகிற நேரத்தில் உயிர் ஒருவருக்காகக் காத்திருக்குமா, அந்த ஆள் வராவிட்டால் அது வேதனைப்படுமா என்று. அவர் பேனாவை மூடினார்.

"தம்பி, நான் முப்பது வருஷமா இந்த மந்திரங்களச் சொல்லிக்கொண்டிருக்கிறன். என்ர அம்மா ஊரிலதான் செத்தவா. அப்ப சண்டை, என்னால போகேலாமப் போச்சு. இந்தக் கேள்விக்கு மந்திரத்தில மறுமொழி இருந்திருந்தா நான் முதல்ல எனக்கெல்லோ சொல்லியிருப்பன்." மூடிய பேனாவை நோட்டின்மேல் வைத்தார். "ஊரில ஆரும் சகோதரம் இருக்கினமோ?"

"அண்ணன் இருக்கறாருங்க."

"அவரோட கதைச்சுப் பாருங்கோ. நான் திகதியக் குறிச்சு வைக்கிறன்" என்றார்.

6

சனிக்கிழமை காலை. ஊரில் மத்தியானம் தாண்டியிருக்கும். கவிதாவும் யாழினியும் கடைக்குப் போயிருந்தார்கள். நானே அண்ணனுக்குப் பேசினேன். தோட்டத்தில் இருந்தார்.

"சொல்லு கண்ணு. என்ன முடிவு பண்ணுனே? பேரூர்ல ஆத்தங்கரைக்கு ஐயருகிட்டச் சொல்லோணும்."

"அண்ணா, அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"அப்பா எனக்காகத்தான் அத்தன நாளும் கெடந்தாருங்களா?"

"இப்ப எதுக்கு அது?" என்றார்.

"இல்லீங்ணா. ஆத்மா எதுக்கும் காத்திருக்காதாமா. ஜீவன்தான் ஆச வெச்சுட்டுக் கெடக்குமாமா. ஒரு வாரமா அதையேதான் படிச்சுட்டிருக்கறேன். அப்பாகிட்ட எது கெடந்து கஷ்டப்பட்டுச்சுன்னு..."

"நீ படிச்சதெல்லாம் இருக்கட்டும்" என்றார் அண்ணன். குரல் மாறியிருந்தது. "ரெண்டாம் நாளே பெரிய டாக்டரு என்னையக் கூப்புட்டுச் சொல்லிப்போட்டாரு. தலைக்குள்ள ஒண்ணும் ஓடல, இனி ஒண்ணும் கேக்காது, ஊட்டுக்குக் கொண்டுபோயிருங்கன்னு. தாளக் குடுத்தாங்க. கையெழுத்துப் போடற எடத்துல பென்சல்ல புள்ளி வெச்சுக் குடுத்தாங்க."

"எங்கிட்டச் சொல்லலீங்களே."

"எப்படிச் சொல்றது? நீதான் வாரேன் வாரேங்கறயே."

"கண்ணு ஓரத்துல தண்ணி வந்துச்சுன்னீங்களே."

"அது மருந்து ஊத்துனது. நர்ஸம்மா தெனம் ஊத்தும்." என்றார் அண்ணன். "அப்பா காதுல ஃபோன வெச்சேன். செரி. அவருக்கெங்க கேட்டுச்சு? கேட்டுட்டு நின்னது நாந்தான். ரெண்டு நாள்ல வந்தர்றேங்கறது கேக்கும். அந்தத் தாள மடிச்சு மறுக்காவும் பாக்கெட்டுல வெச்சுக்குவேன். தம்பி வந்துருவான், ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போட்டுக்கலாம், நாம மட்டும் எதுக்கு அப்பா மூச்ச நிறுத்தோணும்னு. வெளிய வந்து எல்லாருகிட்டயும், அப்பா தம்பிக்காகக் காத்துட்டுக் கெடக்கறாருன்னு சொன்னேன். மொத மொத அதச் சொன்னதே நாந்தான் கண்ணு. பதினோரு நாளும் காத்துட்டுக் கெடந்தது அப்பா இல்ல."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு வருடமாக இறந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, உயிரோடு இருப்பவர் பதில் சொல்லிவிட்டார். நான் அவரை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"அண்ணா, அஞ்சாம் நாளே பேப்பரு வந்துருச்சுங்க" என்றேன். "நான் வந்திருக்கலாம். நாந்தான் வராம இருந்துபோட்டேன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"ஏங்கண்ணு?"

"அந்தக் கையெழுத்துக்குப் பயந்துட்டுத்தானுங்க."

"ம்" என்று இழுத்தார். "எனக்கும் அதே பயந்தான்" என்றார்.

பிறகு வேலை பேசுகிற குரலுக்கு வந்தார். "செரி, அது போகட்டும். தெவசத்துக்கு வாரியா வல்லியா? பாக்கறேன்னு சொல்லாத. ஏதாச்சும் ஒண்ணு சொல்லு."

இந்த வருட விடுப்பு தீர்ந்துவிட்டது. அது பாதிக் காரணம். மீதிப் பாதி, அந்த ஊரில் போய் இறங்கி எல்லோர் முகத்தையும் பார்க்கும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. வாரேனுங்ணா என்ற சொல் வாய்வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே விருந்துக்கு ஆள் சொல்லியிருப்பார், மூன்று வாரமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"வரலீங்ணா" என்றேன். "இந்தத் தடவ என்னால முடியாதுங்க. நீங்களே செஞ்சுபோடுங்க."

என் ஆயுசில் அண்ணனிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஃபோன் துண்டித்துவிட்டதோ என்று பார்த்தேன். துண்டிக்கவில்லை.

"செரி கண்ணு. நானே செஞ்சுபோடறேன்" என்றார். அப்புறம், "இத அன்னைக்கே சொல்லியிருந்தீன்னா, அந்தத் தாள்லயும் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார்.

அப்பாவைத் தூக்கும்போது அண்ணன் கண் கலங்காமல் முன்னால் நின்று எல்லோருக்கும் வேலை சொல்லிக்கொண்டிருந்ததை நான் வீடியோவில் பார்த்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயது மனிதர், ஒரு வருடம் கழித்து, வாழைத் தோட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதார்.